குறைந்த கணக்கும் மறைந்த துகளும்

(கண்டனூர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. தொடங்குகிறபோது இருக்கும் ஊக்கம் தொடர்கிறபோது இருப்பதில்லை என்பதை அமைப்பு நடத்தியவர்கள் அறிவார்கள். நம் வட்டம் அந்தச் சோதனையைக் கடந்து வந்திருக்கிறது. அதன் விழா மேடையில் கவிதையைப் பற்றிப் பேசாமல் இயற்பியலைப் பற்றிப் பேச எனக்கு இசைவளித்த பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். கவியரங்கம் முடிந்த கையோடு கணக்குப் பேச ஒருவர் வந்துவிட்டாரே என்று சிலர் எண்ணலாம். ஆனால் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பேரேடு விரித்து அமர்ந்த முன்னோர்களின் ஊர் இது. இங்கே கணக்குப் பேசுவது எவருக்கும் அயலாகத் தோன்றாது என்ற துணிவுடன் தொடங்குகிறேன்.

இந்தப் பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அண்மைக் காலக் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் 'குவாண்டம்' என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அதனோடு சில கருத்துகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அணுவுக்குள் எந்த விதியும் செல்லாது என்பது ஒன்று. வெற்றிடம் எங்கிருந்தோ ஆற்றலைக் கடன் வாங்கித் துகள்களைப் படைக்கிறது, பிறர் பார்ப்பதற்குள் கடனைத் திருப்பிவிடுகிறது என்பது மற்றொன்று. அறிவியலே கணக்கைக் கைவிட்டுவிட்டது, இனி எதுவும் எப்படியும் நடக்கலாம் என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடுகிறார். இந்த எண்ணம் சரியன்று என்பதே என் உரையின் மையம். அணு உலகில் ஆற்றலின் கணக்குப் பிசகுகிறதோ என்ற ஐயம் மாபெரும் அறிஞர்களுக்கே எழுந்தது உண்மை. ஆனால் ஐயம் எழுந்த ஒவ்வொரு முறையும் கணக்கே வென்றது. அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தது சிறப்புச் சார்பியல் கொள்கை. அந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் மக்களுக்கும் பங்கு உண்டு.

ஒரே கணக்கின் இரண்டு பத்திகள்

ஆற்றல் ஆக்கவும்படாது, அழிக்கவும்படாது. வடிவம் மட்டுமே மாறும். ஆற்றல் அழிவின்மை விதி எனப்படும் இந்த உண்மையை 1840களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் நிலைநாட்டினர். வெப்பமும் இயக்கமும் ஒன்றாக மற்றொன்று மாறும்போது வரவும் செலவும் ஒத்துப்போகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அறுபது ஆண்டுகள் இந்த விதியை அசைக்க எவராலும் இயலவில்லை.

1905ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் இரண்டு புரட்சிகளுக்கு ஒருசேர வித்திட்டார். ஒளி தொடர்ந்து பாயும் அலை மட்டுமன்று, சிறு சிறு பொட்டலங்களாகவும் ஆற்றலைக் கொண்டுசெல்கிறது என்றது ஒன்று. இது குவாண்டம் இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. காலமும் இடமும் காண்போரின் இயக்கத்தைப் பொறுத்து மாறும் என்றது மற்றொன்று. இதுவே சிறப்புச் சார்பியல். ஒரே ஆண்டில் ஒரே மனத்தில் பிறந்த இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வாழப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

சார்பியல் ஆற்றலுக்குச் செய்த மாற்றத்தைக் கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். நிறையும் ஆற்றலின் ஒரு வடிவமே என்ற புகழ்பெற்ற முடிவை எல்லோரும் அறிவோம். அதைவிட ஆழமான செய்தி ஒன்று உண்டு. ஓடும் பொருளுக்கு ஆற்றல் இருப்பதுபோல் உந்தம் என்ற ஒன்றும் உண்டு. எவ்வளவு நிறை, எவ்வளவு வேகம், எந்தத் திசை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. பழைய இயற்பியலில் ஆற்றலுக்கு ஒரு கணக்கு, உந்தத்துக்குத் தனியே ஒரு கணக்கு. சார்பியலில் இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பத்திகள்.

எப்படி என்று பார்ப்போம். காரைக்குடி ரயில் நிலையத்தின் நடைமேடையில் ஒருவர் நிற்கிறார். நில்லாமல் கடந்து செல்லும் ரயிலில் மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். நடைமேடையில் இரண்டு கோலிக்குண்டுகள் மோதிக்கொள்வதை இருவரும் காண்கிறார்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறவில்லை என்று நிற்பவர் கணக்கிடுகிறார். ரயிலில் இருப்பவருக்குக் குண்டுகள் வேறு வேகத்தில் தெரிகின்றன. ஆகவே நிற்பவருடைய கணக்கிலிருந்து ஒரு தொகையைக் கழித்துத்தான் அவர் தம் கணக்கை எழுதவேண்டும். கழிக்கவேண்டிய தொகை எது? பழைய இயற்பியலில் அது குண்டுகளின் மொத்த நிறையை ரயிலின் வேகத்தால் பெருக்கிய தொகை. சார்பியலில் நிறை இருந்த இடத்தில் மொத்த ஆற்றல் வந்து அமர்கிறது. அதாவது, ஒருவருடைய உந்தக் கணக்குக்குள் மற்றவருடைய ஆற்றல் கணக்குக் கலந்துவிடுகிறது.

இதன் விளைவு வியப்புக்குரியது. நிற்பவருக்கும் உந்தம் மாறவில்லை, ரயிலில் செல்பவருக்கும் உந்தம் மாறவில்லை என்றால், இடையில் கழித்த ஆற்றலும் மாறியிருக்க முடியாது. உந்தத்தைக் காத்துக்கொண்டு ஆற்றலை மட்டும் கைவிட வழியே இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்கவேண்டும், அல்லது சேர்ந்து விழவேண்டும். இதுதான் சிறப்புச் சார்பியல் விதிக்கும் நிபந்தனை. இனி நான் சொல்லப்போகும் வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

முதல் ஐயம்

1923இல் ஆர்தர் காம்ப்டன் என்ற அமெரிக்க அறிஞர், எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்மீது பட்டுச் சிதறும்போது அதன் அலைநீளம் கூடுவதைச் சார்பியல் முறையில் விளக்கினார். ஒளிப்பொட்டலமும் எலெக்ட்ரானும் கோலிக்குண்டுகளைப்போல் மோதுகின்றன. ஆற்றலும் உந்தமும் இரண்டும் நேர்படுகின்றன என்று கொண்டால் விடை சரியாக வந்தது.

ஆனால் டென்மார்க்கின் நீல்ஸ் போர் ஒளிப்பொட்டலத்தை நம்பவில்லை. அலைகளை விட்டுவிட அவர் விரும்பவில்லை. 1924இல் அவரும் கிராமர்ஸ், ஸ்லேட்டர் ஆகிய இளைஞர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலும் உந்தமும் காக்கப்படவேண்டியதில்லை. பல்லாயிரம் மோதல்களின் சராசரியில் காக்கப்பட்டால் போதும் என்றது அக்கட்டுரை. ஆண்டு முடிவில் ஐந்தொகை நேர்பட்டால் போதும், அன்றாடக் குறிப்பேடு எப்படி இருந்தாலும் கேட்காதீர்கள் என்பதற்கு ஒப்பான வாதம் அது. இரண்டு பத்திகளையும் ஒருசேரக் கைவிட்டதால் சார்பியலின் நிபந்தனை அதைத் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சோதனைதான் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

தீர்ப்பு விரைவில் வந்தது. 1925இல் பெர்லினில் போத்தே, கைகர் இருவரும் சிதறிய கதிரும் உதைபட்ட எலெக்ட்ரானும் ஒரே கணத்தில் வெளிவருகின்றனவா என்று பார்த்தார்கள். ஒரே கணத்தில்தான் வந்தன. அமெரிக்காவில் காம்ப்டனும் சைமனும் இரண்டும் பறக்கும் கோணங்களை அளந்தார்கள். கோணங்கள் ஒவ்வொரு மோதலிலும் கணக்குக்கு ஒத்து நின்றன. சராசரி என்ற போர்வை தேவையற்றதாயிற்று. போர் தம் கொள்கையைக் கைவிட்டார்.

மூன்றாண்டுகளில் நம் நாட்டிலிருந்தே வலிமையான சான்று ஒன்று வந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கொல்கத்தாவில் கண்ட விளைவை எண்ணிப் பாருங்கள். ஒளி ஒரு மூலக்கூறின்மீது பட்டுச் சிதறும்போது அதன் நிறம் சற்றே மாறுகிறது. ஒளி இழந்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவையும் மூலக்கூறு தன் அதிர்வில் வரவு வைத்துக்கொள்கிறது. சிலவேளை முன்பே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளிக்குக் கொடுக்கிறது. ஒருபுறம் பற்று, மறுபுறம் வரவு. ராமன் விளைவின் நிறமாலைக் கோடுகள், அணு உலகின் தனித்தனிக் கொடுக்கல் வாங்கல்களும் நேர்படுகின்றன என்பதற்கு ஒளியால் எழுதிய சீட்டுகள்.

குறைந்த கணக்கு

அடுத்த ஐயம் முன்னதைவிடக் கடுமையானது. கதிரியக்கப் பொருள்களில் சில எலெக்ட்ரானை உமிழ்கின்றன. இதற்குப் பீட்டாச் சிதைவு என்று பெயர். சிதைவுக்கு முன்னிருந்த அணுக்கருவின் ஆற்றல் தெரியும். பின்னிருக்கும் அணுக்கருவின் ஆற்றலும் தெரியும். வேறுபாடு முழுவதும் எலெக்ட்ரானிடம் இருக்கவேண்டும். எனவே எல்லா எலெக்ட்ரான்களும் ஒரே ஆற்றலுடன் வரவேண்டும். ஆனால் 1914இல் சாட்விக் அளந்தபோது அவை பலவேறு ஆற்றல்களுடன் வந்தன. ஒரு சில மட்டுமே முழுத் தொகையை ஒட்டி வந்தன. மற்றவை குறைவாகவே கொண்டுவந்தன.

குறைந்தது வழியில் வெப்பமாகச் சிதறியதோ என்று ஐயுற்று, 1927இல் கேம்பிரிட்ஜில் எல்லிஸ், வூஸ்டர் இருவரும் பிஸ்மத் அணுவகை ஒன்றை வெப்பமானிக்குள் அடைத்து அளந்தார்கள். எலெக்ட்ரான் எங்கே சிதறினாலும் அதன் ஆற்றல் வெப்பமாக அகப்பட்டுவிடவேண்டும். சிதைவு ஒன்றுக்குப் பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ மூன்றரை இலட்சமே கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு காணவில்லை.

போர் மீண்டும் ஐயத்தைக் கையிலெடுத்தார். அணுக்கருவுக்குள் ஆற்றல் விதி செல்லாதிருக்கலாம் என்று 1930இல் இலண்டனில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஊல்ப்காங் பவுலி, தூபிங்கனில் கூடியிருந்த அறிஞர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்னூட்டம் இல்லாத, நிறை மிகமிகக் குறைந்த ஒரு துகள் எலெக்ட்ரானோடு சேர்ந்து வெளியேறி, குறைந்த தொகையைச் சுமந்து செல்லலாம் என்பது கடிதத்தின் சாரம். இத்தாலியின் என்ரிகோ ஃபெர்மி அத்துகளுக்கு 'நியூட்ரினோ' என்ற பெயரை நிலைபெறச் செய்து, 1934இல் பீட்டாச் சிதைவின் முழுக் கொள்கையையும் படைத்தார்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். கணக்கு உதைக்கிறது. ஒருவர் கணக்கியலையே மாற்றலாம் என்கிறார். மற்றவர் பதிவாகாத ஒருவர் பணத்தோடு வெளியே போயிருக்கிறார் என்கிறார். இவ்விரண்டில் எது உண்மை என்று எப்படித் தீர்ப்பது? யாரும் கண்டிராத ஆளைக் காரணமாகச் சொல்வது வெறும் சமாளிப்பாகவும் இருக்கலாமே!

சார்பியலின் நிபந்தனை இந்த இடத்தில்தான் உதவிக்கு வந்தது. ஆற்றல் ஒரு துகளோடு போயிருந்தால் உந்தமும் அதே துகளோடு போயிருக்கவேண்டும். அதுமட்டுமன்று, நிறை ஏறத்தாழ இல்லாத துகளாயின், அது கொண்டுபோன ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் இடையே ஒரே ஒரு விகிதம்தான் இருக்க முடியும். ஒளிக்கு உள்ள அதே விகிதம். ஆகவே ஒரு பத்தியில் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், மற்றப் பத்தியில் எவ்வளவு குறையவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். விதி வெறுமனே உடைந்திருந்தால் இரண்டு குறைகளும் இப்படி ஒத்துப்போக எந்தக் காரணமும் இல்லை.

இதைச் சோதிக்க மிக எளிய அணு பெரிலியம்–7. அதன் கரு தன் எலெக்ட்ரான்களில் ஒன்றைத் தானே விழுங்கி லித்தியமாக மாறுகிறது. பெரும்பாலான நிகழ்வுகளில் கண்ணுக்கோ கருவிக்கோ தெரிய எதுவும் வெளிவருவதில்லை. ஏறத்தாழ 8,62,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் காணாமற்போகிறது. துகள் ஒன்று அதைச் சுமந்து ஒருபுறம் பறந்திருந்தால், துப்பாக்கி பின்னுதைப்பதுபோல் லித்தியம் மறுபுறம் உதைபடவேண்டும். சார்பியல் விகிதப்படி அந்த உதையின் ஆற்றல் ஏறத்தாழ 57 எலெக்ட்ரான் வோல்ட். 1942இல் ஆலன் இந்த உதையை முதலில் அளந்தார். 1952இல் ரேமண்ட் டேவிஸ் நுட்பமாக அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 56. காணாமற்போனவரைப் பிடிக்காமலே, அவர் வாசலில் விட்டுச்சென்ற காலடியைக் கொண்டு அவர் சுமந்த சுமையின் எடையைச் சொல்லிவிட்டார்கள்.

இடையில் 1936இல் மற்றொரு நெருக்கடியும் வந்தது. அமெரிக்காவில் ஷாங்க்லாண்ட் செய்த சோதனை, தனி மோதல்களில் ஆற்றல் காக்கப்படவில்லை என்று காட்டுவதாகத் தோன்றியது. குவாண்டம் இயற்பியலையும் சிறப்புச் சார்பியலையும் 1928இல் ஒரே சமன்பாட்டில் இணைத்த டிராக்கே அப்போது ஆற்றல் விதியைக் கைவிட ஆயத்தமானார். ஆனால் பிறர் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அதன் முடிவு நிலைக்கவில்லை. அதே ஆண்டு போரும் ஆற்றல் விதியை ஏற்றார். அறிஞர்கள் தடுமாறினார்கள் என்பதில் இழிவு ஏதும் இல்லை. விதியை வழிபாட்டுக்குரியதாக அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் மறுதணிக்கைக்கு உட்படுத்தினார்கள். அது தேறியது என்பதே அதன் பெருமை.

பாறைக்கு அடியில்

1956இல் அமெரிக்காவில் ரெய்ன்ஸ், கோவன் இருவரும் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோவை நேரடியாகக் கண்டறிந்தார்கள். பவுலியின் கடிதத்துக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் துகள் சிக்கியது. செய்தி பவுலிக்குத் தந்தியில் போயிற்று.

அடுத்த காட்சி கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருந்தாலும் அது தமிழர்கள் வியர்வை சிந்திய மண். வட ஆர்க்காட்டிலிருந்தும் அதை அடுத்த வறண்ட மாவட்டங்களிலிருந்தும் சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கங்களில் இறங்கின. அந்தச் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளை நிறுவின. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், மியாகே, உல்ஃபெண்டேல் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரினோக்களை உண்டாக்குகின்றன. மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். மிக அரிதாக அவற்றுள் ஒன்று பாறையில் மோதித் தடயம் விடும். 1965இல் அத்தகைய தடயம் கோலாரில் பதிவாயிற்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் அதே ஆண்டில் அதையே கண்டார்கள். வளிமண்டல நியூட்ரினோ முதன்முதலில் அகப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்று கோலார்.

பொன் தேடித் தோண்டிய குழியில், கணக்கைக் காக்கக் கற்பித்த துகள் கிடைத்தது. தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. நியூட்ரினோவுக்கென்றே தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், மலைக்கு அடியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க இந்திய அரசு திட்டமிட்டது. மலையையும் நீரையும் காட்டையும் எண்ணி அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். இசைவு தர இயலாது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வின் தேவையும் மண்ணின் அச்சமும் மோதிய அந்தக் கதை தனியே எழுதப்படவேண்டியது.

கடன் என்னும் கட்டுக்கதை

இனி, கவிஞர்கள் விரும்பும் அந்தக் கடனுக்கு வருகிறேன். பீட்டாச் சிதைவில் நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது கைமாறும் ஆற்றல் ஏறத்தாழ 13 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட். அந்த மாற்றத்துக்கு இடையில் 'டபிள்யூ' என்ற துகள் தரகராக நிற்கிறது என்பது இன்றைய கொள்கை. அத்துகள் 1983இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதன் நிறைக்குரிய ஆற்றலோ ஏறத்தாழ 8,040 கோடி எலெக்ட்ரான் வோல்ட். கையிருப்பைப்போல் அறுபதாயிரம் மடங்குக்கு மேல்! இவ்வளவு பெரிய துகள் எப்படி இடையில் வந்தது? ஐயப்பாட்டுக் கொள்கையின் தயவில் ஆற்றலைக் கடன் வாங்கி வந்தது என்று எளிய நூல்கள் சொல்லுகின்றன.

இக்கதை எங்கிருந்து வந்தது? 1930களின் கணக்கு முறையிலிருந்து வந்தது. அந்த முறையில் இடைநிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, காலவரிசையில் எழுதுவார்கள். இடைநிலைகளில் உந்தம் நேர்படும். ஆற்றல் மட்டும் நேர்படாது. ஆனால் சார்பியல் என்ன சொல்லிற்று? ஒரு பத்தியைக் காத்து மற்றதைக் கைவிட முடியாது. ஆகவே எங்கோ கணக்கை எழுதும் முறையில் கோணல் இருக்கிறது.

கோணல் காலவரிசையில் இருந்தது. இரண்டு துகள்களுக்கு இடையே ஒன்று கைமாறுகிறது. முதலாவது கொடுத்தது, பின் இரண்டாவது பெற்றது என்று ஒருவர் எழுதுகிறார். ஒளி சென்று சேரமுடியாத அளவுக்கு அடுத்தடுத்து நிகழ்பவற்றில், வேறு வேகத்தில் செல்பவர் இரண்டாவது நிகழ்ச்சி முதலில் நடந்ததாகக் காண்பார். இது சார்பியலின் அடிப்படை. ஆகவே இரண்டு வரிசைகளில் ஒன்றை மட்டும் தனியே எழுதினால், அது எல்லோருக்கும் பொதுவான கணக்காகாது. 1949இல் ரிச்சர்ட் ஃபைன்மன் வகுத்த முறையில் இரண்டு வரிசைகளும் ஒரே பதிவாகக் கூட்டப்படுகின்றன. கூட்டிய பின் காண்பது என்ன? ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் நேர்படுகிறது, உந்தமும் நேர்படுகிறது. இடையில் செல்லும் டபிள்யூ, 8,040 கோடியைச் சுமக்கவில்லை. கைமாறிய 13 இலட்சத்தை மட்டுமே சுமக்கிறது. தன் இயல்பான நிறைக்குரிய அளவு அதனிடம் இல்லை என்பதால்தான் அது தனித்து வெளியேறி வாழ முடிவதில்லை. பீட்டாச் சிதைவும் அவ்வளவு அரிதாக, மெல்ல நிகழ்கிறது. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. தரகர் தம் சொந்தச் சொத்து இல்லாமல் வந்தார், அவ்வளவே.

பழைய முறை தவறான விடை தந்ததா? இல்லை. எல்லா வரிசைகளையும் கூட்டினால் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தருகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிலும் ஆற்றல் நேர்படுகிறது. இடையில் தெரிந்த பற்றாக்குறை எழுதும் முறையைச் சார்ந்தது, இயற்கையைச் சார்ந்ததன்று. டொமொனாகா, ஸ்விங்கர், ஃபைன்மன் மூவருக்கும் சார்பியலோடு இணங்கிய குவாண்டம் மின்னியக்கவியலுக்காக நோபல் பரிசு கிடைத்த ஆண்டு 1965. கோலாரில் நியூட்ரினோ தடயம் விட்ட அதே ஆண்டு.

அப்படியானால் ஐயப்பாட்டுக் கொள்கைக்குப் பொருள் இல்லையா? உண்டு. குறுகிய காலமே வாழும் ஒன்றின் ஆற்றலை ஒரே எண்ணாகச் சொல்ல இயலாது. அது ஒரு பரப்பில் விரிந்திருக்கும். ஆனால் அந்த விரிவு முழுவதும், எந்தெந்த அளவு எந்தெந்த வாய்ப்போடு உள்ளது என்ற பட்டியல், வெளியிலிருந்து எதுவும் தலையிடாதவரை காலப்போக்கில் மாறுவதில்லை. குவாண்டம் உலகில் ஆற்றல் அழிவின்மை என்பதன் பொருள் அதுதான். தொகை தெளிவாக இல்லாதிருக்கலாம், தொகை திருடுபோவதில்லை.

ஓர் எல்லையையும் சுட்டவேண்டும். இவை யாவும் சிறப்புச் சார்பியலின் அரங்கில் நிற்பவை. காலம் முழுவதும் விதிகள் மாறாது என்ற சமச்சீரிலிருந்து ஆற்றல் விதி பிறக்கிறது என்று எம்மி நோதர் 1918இல் காட்டினார். விரிந்துகொண்டே செல்லும் முழுப் பேரண்டத்துக்கு ஒரே மொத்த ஆற்றலை எழுதுவது அவ்வளவு எளிதன்று. அது பொதுச் சார்பியலின் வழக்கு. இன்று அதற்குள் நான் நுழையவில்லை.

சென்னையில் போர்

இந்தக் கதையின் நாயகர்களில் ஒருவர் தமிழகத்துக்கு வந்தார் என்பதைச் சொல்லாமல் முடித்தல் தகாது. 1960 சனவரியில் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது, அல்லாடி இராமகிருஷ்ணன் தம் வீட்டில் மாணவர்களைக் கூட்டி நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்கைக் கண்டு மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியை அவர் வெளிப்படையாகச் சொன்னது நேருவின் கவனத்தை ஈர்த்தது. சி. சுப்பிரமணியத்தின் ஊக்கமும் சேர, 1962 சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவில் உரையாற்றியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். குவாண்டம் கொள்கையையும் சிறப்புச் சார்பியலையும் இணைத்து விண்மீன்களின் நிறைக்கு எல்லை கண்ட அதே சந்திரசேகர். பிற்காலத்தில் அந்நிறுவனத்தை வழிநடத்திய ஈ. சி. ஜி. சுதர்சன், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். பீட்டாச் சிதைவை நடத்தும் விசையின் வடிவத்தை 1957இல் மார்ஷக்குடன் சேர்ந்து வகுத்தவர் அவரே. ஆற்றல் விதியை இருமுறை ஐயுற்ற ஒரு மேதையின் நல்வாக்கு, அந்த விதியையும் அதன் துகள்களையும் ஆராயும் ஒரு நிறுவனம் நம்மிடையே எழ உதவியது.

கணக்கு இன்னும் மூடப்படவில்லை. நியூட்ரினோவுக்குச் சிறிதேனும் நிறை உண்டு என்று 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே உறுதிசெய்தது. எவ்வளவு நிறை? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயில், டிரிட்டியம் உமிழும் எலெக்ட்ரான்களுள் மிகுந்த ஆற்றலுடையவற்றை அளந்து, முழுத் தொகைக்கு எவ்வளவு குறைகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று 2025இல் அறிவித்தார்கள். எலெக்ட்ரானின் நிறையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்கள் கையில் உள்ள கருவி எவ்வளவு புதியதாயினும், முறை பழைய முறைதான்: வரவும் செலவும் நேர்படவேண்டும் என்று நம்பி, குறையைத் தேடுவது.

கவிஞர் பெருமக்களே! நம் மொழியில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கண்ட சமுதாயம் நம்முடையது. இயற்கையும் அப்படியே நடந்துகொள்கிறது. ஐயப்பாடு என்ற சொல்லைப் பொறுப்பின்மைக்கு உவமையாக்காதீர்கள். வெற்றிடம் கடனாளி என்று எழுதாதீர்கள். எழுதவேண்டுமானால் பெரிலியத்தின் உதையை எழுதுங்கள்; ராமனின் கோடுகளை எழுதுங்கள்; கோலாரின் இருட்டில் இறங்கிய நம் தொழிலாளர்களின் விளக்கொளிக்கு அருகே, உலகையே ஊடுருவிவந்து ஒருகணம் தன்னைக் காட்டிச் சென்ற அந்தத் துகளை எழுதுங்கள். கற்பனையைவிட அவை சிறியவை அல்ல. ஒரு தொகை குறைகிறபோது விதியைத் திருத்துவதற்கு முன், நாம் காணாத ஒருவர் அங்கே இருந்தாரா என்று கேட்கும் பொறுமை அறிவியலுக்கு வேண்டும். கவிதைக்கும் அதே பொறுமை வேண்டும் என்று கூறி, வட்டம் மேன்மேலும் வளர வாழ்த்தி அமைகிறேன்.